போல்ட்டு மேல ரோஸ் கோடு

நான் நெயில் பாலிஷ் போடறதில்ல. மில்லு லேபுல நூல இழுத்துப் பாக்கற வேல, நகத்துல எதப் பூசுனாலும் நூல்ல ஒட்டிக்கும், அதனால கல்யாணத்தன்னிக்குப் போட்டதோட சரி. மக திருச்சி ஹாஸ்டல்ல இருக்கறா. எங்கூட்டுக்காரரு தனபாலு நெயில் பாலிஷ் போடற ஆளு இல்ல, மீசைக்கு மை வெக்கறதுக்கே ஆயிரம் வெக்கப்படுவாரு. பின்ன இந்த சைக்கிளோட முன் பிரேக்கப் புடிச்சுட்டு நிக்கற போல்ட்டுத் தலைல ரோஸ் கலர்ல ஒரு கோடு இருக்குதே, இது எங்கிருந்து வந்துது? பனியன் வேஸ்ட்டுத் துணிய எடுத்துத் தொடச்சேன், போகல. நகத்துல சுரண்டுனேன், தோலாட்டப் பேந்து வந்துது. மோந்து பாத்தேன். சத்தியமா நெயில் பாலிஷ்தான். ரெண்டு போல்ட்டுலயும் இருக்குது. போல்ட்டுத் தலைல ஆரம்பிச்சு பக்கத்து இரும்பு வரைக்கும், மெல்லிசா, கை கொஞ்சங்கூட நடுங்காம இழுத்திருக்கறா. பாரு, இழுத்திருக்கறான்னு நானே சொல்றேன். பொம்பளதான்னு எப்படி முடிவு பண்ணுன கோகிலா, ஆம்பள மெக்கானிக்கு எவனாச்சும் பொண்டாட்டி பாலிஷத் தூக்கிட்டு வந்து போட்டிருக்கலாமில்ல. போட்டிருக்கலாம். ஆனா அவ பேரு அதுக்குள்ள நெஞ்சுல வந்து உக்காந்துருச்சு. ஜெசிந்தா. அந்தப் பேரச் சொன்னாலே நாக்கு துவர்க்குது எனக்கு. மனுசன் மத்தியானச் சோறு தின்னுபோட்டு உள்ள ஃபேனுக்கடியில தூங்கறாரு, கொறட்டச் சத்தம் இந்தப் போர்ட்டிகோ வரைக்கும் வருது. எழுப்பிக் கேட்டா என்ன? கேட்டா ஒண்ணுமில்லம்பாரு. அந்த வாயில அதிகமா வர்ற வார்த்தையே அதுதான். மொதல்ல வண்டிய முழுசாப் பாத்துருவோம்னு ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தேன்.

காலைல இட்லி சாப்புடறப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கோணும். 'இந்த வாரம் சைக்கிள ஒண்ணும் தொட வேண்டாம் கோகிலா, நல்லாத்தான் இருக்குது, நீ சித்த ரெஸ்ட் எடு'ங்கறாரு. ரெஸ்ட்டு! கல்யாணமாயி இத்தன வருசத்துல அந்த வாயால எனக்கு ரெஸ்ட்டுன்னு ஒரு வார்த்த வந்ததில்ல. நானும் வெள்ளந்தியா, பாவம் மனுசன் இரக்கப்படறாருன்னு நெனச்சுட்டு வெங்காயம் உரிச்சுட்டு இருந்தேன். நாளைக்கு இவரு சைக்கிள் குரூப்புக்குக் கோத்தகிரில எறக்கம். தேயிலத் தோட்டத்துக்குள்ள பூந்து, கல்லுலயும் வேர்லயும் குதிச்சுக் குதிச்சு குஞ்சப்பனைப் பக்கமா எறங்குவாங்க, வழியெல்லாம் ஒரு பக்கம் பள்ளம். அந்த எறக்கத்துல முன் பிரேக்குதான் உசுரு. பின் பிரேக்க மட்டும் புடிச்சா டயரு இழுத்துட்டுத்தான் போகும், நிக்காது. முன் பிரேக்கு ஏமாத்துனா ஆளு பள்ளத்துல. அதனாலதான் சனிக்கெழமையானா வண்டிய ஸ்டேண்டுல மாட்டி நட்டு நட்டாப் பாக்கறது. செயின் எத்தன நீண்டிருக்குதுன்னு பாக்கறது, பிரேக் பேடு எத்தன தேஞ்சிருக்குதுன்னு டார்ச்சு அடிச்சுப் பாக்கறது, சக்கரத்தச் சுத்தி உட்டுட்டுக் காத வெச்சுக் கேக்கறது. அவரு நம்பி எறங்கறது என்ற கையத்தான். எங்க ரெண்டு பேருக்குள்ள பேச்சுன்னு பெருசா ஒண்ணும் கெடையாது. பொண்ணு பாக்க வந்தாங்க, ஜாதகம் பாத்தாங்க, தாலி கட்டுனாரு. பம்பு கம்பெனி பர்ச்சேஸ்ல வேல, வந்தா சாப்பாடு, டிவி, தூக்கம். சண்டகூட வராது, சண்ட போடறதுக்கும் பேசோணுமில்ல. சர்க்கரை வந்துருச்சு, உடம்ப அசைங்கன்னு டாக்டரு சொல்லி சைக்கிள் வாங்குன பொறகுதான் எங்களுக்குப் பேச ஒரு விசயமே கெடச்சுது. கோபியில எங்கப்பாவுக்கு டூவீலர் ஒர்க்‌ஷாப்பு. நான் பள்ளிக்கூடம் உட்டு வந்தா யூனிபாரத்தோடயே பிரேக் ஷூ கழட்டறவ. ஏதோ ஒரு சைக்கிள வாங்கிட்டு வர இருந்தவரத் தடுத்து, மலையில போறதுன்னா மலை சைக்கிள்தான், முன்னாடி சஸ்பென்ஷன் வேணும், டிஸ்க் பிரேக்கு வேணும், அதுவும் ஒயருல இழுக்கறது ஆகாது, ஆயில் பிரேக்குதான்னு கூட நின்னு வாங்க வெச்சவ நான். ஞாயித்துக்கெழம மத்தியானம் சேறும் சகதியுமா வந்து எறங்கி, 'கோகிலா, பிரேக்கு கும்முன்னு இருந்துது'ம்பாரு. அவ்வளவுதான். மத்த பொம்பளைங்களுக்கு மல்லிப்பூ வாங்கிட்டு வர்றாங்க, எனக்கு அந்தக் கும்முன்னு போதும். அதுலயும் ஒருத்தி பங்குக்கு வந்துட்டான்னா நான் சும்மா இருப்பனா.

ஜெசிந்தா வடவள்ளில பிசியோதெரபி பாக்கறவ. கோடையில இவங்க குரூப்புல சேந்தா. பெங்களூர்ல படிக்கறப்ப சைக்கிள் கடையில வேல செஞ்சு எல்லாம் கத்துக்கிட்டவளாம். ஒரேயொருக்கா பாத்திருக்கறேன். இவரக் கூட்டிட்டுப் போக வாசக் கேட்டுக்கிட்ட வந்து நின்னா, ஒல்லியா, ஒசரமா, முடிய ஒட்ட வெட்டிட்டு. 'அக்கா, குடிக்கத் தண்ணி குடுங்க'ன்னா. குடுத்தேன். சொம்ப அண்ணாந்து குடிச்சுட்டு ஸ்டேண்டுல இருந்த வண்டியக் குனிஞ்சு ஒரு பார்வ பாத்தா. ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தாக்கூட ரெண்டு வார்த்த திருப்பிக் குடுத்திருப்பேன். நகத்துல பாலிஷ் இருந்துதா? சொம்ப வாங்குனப்ப வெரலப் பாத்தனா? எத்தன யோசிச்சாலும் சொம்புதான் கண்ணுக்குள்ள வருது, வெரலு வர மாட்டேங்குது. அப்பறம் கொஞ்ச நாளைக்குச் சோத்துக்கு உக்காந்தா ஜெசிந்தா புராணந்தான். ஜெசிந்தா சொன்னா, டயர்ல காத்தக் கொறைச்சா கல்லுல புடிப்பு நல்லா இருக்குமாம். ஜெசிந்தா சொன்னா, செயினுக்கு மெழுகு போட்டா தூசி ஒட்டாதாம். போடட்டும், அவ செயினுக்கு அவ போடட்டும், நானா வேண்டாம்னேன். அப்பல்லாம் எனக்கு எரிச்சல்தான், பயமில்ல. பேரச் சொல்லிட்டு இருக்கற வரைக்கும் ஆம்பளயப் பத்திப் பயமில்ல. இந்த ரெண்டு வாரமா அந்தப் பேரு இந்த வீட்டுல வரவேயில்ல. குழம்பு ஊத்தறப்ப நானே கிண்டிப் பாத்தேன், 'குரூப்புல எல்லாரும் நல்லா இருக்கறாங்களா?' 'ம்.' 'அந்தப் புள்ள?' 'எந்தப் புள்ள?' எந்தப் புள்ளயாம்! காதுல பூ சுத்தறாரு எனக்கு. போன சனிக்கெழம நான் மகளப் பாக்கத் திருச்சிக்குப் போயிட்டேன், அதுக்கு முந்துன சனிக்கெழம மில்லுல ஆடிட்டுன்னு உசுர வாங்குனாங்க. ரெண்டு வாரம் நான் வண்டியத் தொடல. திருச்சிலருந்து போன் பண்ணுனா, 'கம்பெனிக்காரரு ஊட்டுல ஒரு சீரு, விசேசத்துக்குப் போயிட்டு வந்தர்றேன்'னாரு. என்ன சீரு, யாரு ஊட்டுச் சீருன்னு நானும் கேக்கல. சீருக்குப் போன எடம் வடவள்ளின்னு இப்பத்தான் தெரியுது.

சரின்னு கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாக்க ஆரம்பிச்சேன். கைப்புடி ரெண்டும் புதுசு. நான் போட்டது பச்ச, இது கருப்பு. தொட்டா வெரலுக்குள்ள பதமா உக்காருது, அதுதான் வயித்தெரிச்சலே, மட்டமா இருந்திருந்தா நாலு வசவு வஞ்சுட்டுக் கழட்டிப் போட்டிருப்பேன். சீட்டு ஒரு வெரக்கட ஒசந்திருக்குது. குதிகால மிதியில வெச்சு முட்டி நேரா வர்ற அளவுல நான் வெச்ச சீட்டு அது, அத எவ தொட்டா? அவரு காலு நீளம் எத்தனன்னு அவளுக்கு என்ன தெரியும்? பிசியோதெரபிக்காரியாச்சே, காலப் புடிச்சுப் பாத்திருப்பா. பாத்திருப்பா. சீ, என்ன புத்தி இது. முன் டயரும் புதுசு. அதே கம்பெனி, அதே அகலம், நான் எத்தன நாளு தேடி முன்னாடிக்கு முரட்டு முள்ளு, பின்னாடிக்கு ஓட்டத்துக்குத் தோதா கம்மி முள்ளுன்னு எடுத்தனோ அதேதான் வாங்கிப் போட்டிருக்குது. ஆனா டயரு மேல எழுதியிருக்கற பேரு காத்தடிக்கற வால்வுக்கு நேரா வந்து நிக்குது. நல்ல மெக்கானிக்குங்க அப்படித்தான் மாட்டுவாங்களாம், பஞ்சரான எடத்தக் கண்டுபுடிக்கறதுக்குச் சுளுவுன்னு ஒரு வீடியோல பாத்திருக்கறேன். நான் அதெல்லாம் பாக்கறதில்ல, டயரு உக்காந்தாப் போதும்னு மாட்டிருவேன். பின் டயரத் திருப்பிப் பாத்தேன், பேரு எங்கியோ கெடக்குது. பின்னாடி நான், முன்னாடி அவ. நல்லா இருக்குது குடித்தனம்.

ஹேண்டில் பாரத் தொட்டேன். அது பழசுதான், என்றதுதான். கடையில வாங்குனப்ப ஹேண்டில் அகலம் ஜாஸ்தி, கேட்டுக்குள்ளயே நுழையாது. எத்தன வெட்டறதுன்னு தெரியாம, ஹால்ல இவரத் தண்டால் எடுக்கச் சொல்லி, எந்த அகலத்துல கை ஊணறாரோ அதத் துணி தெக்கற டேப்புல அளந்தேன். மூணாவது தண்டால்லயே மனுசன் குப்புறக் கவுந்து படுத்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்கறாரு, முதுகு குலுங்குது. அழுவறாரான்னு பாத்தா சிரிக்கறாரு. எங்கூட்டுக்காரரு அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. நானும் சிரிச்சு, டேப்ப வெச்சுக்கிட்டு பக்கத்துலயே உக்காந்துட்டேன். அந்த ஹேண்டில் பார மட்டும் எவளும் மாத்தல, அது வரைக்கும் சந்தோசம்னு தடவிக்கிட்டே வலது பக்கம் வந்தேன். வலது கையில முன் பிரேக்கு லீவரு. லீவர்ல கீறலக் காணோம். பொங்கலுக்கு முந்தி நான் வண்டியக் கேட்டுல சாய்ச்சு உட்டு ஒரு கீறல் உழுந்துது, அவரு பாக்கறதுக்குள்ள கருப்பு மார்க்கர் பேனாவுல அழிச்சு வெச்சிருந்தேன். இப்பப் பாத்தா லீவரு பளபளன்னு இருக்குது. மார்க்கரும் இல்ல, கீறலும் இல்ல. அதே மாடல், அதே கலரு, ஆனா வேற லீவரு. கீழ குனிஞ்சா டிஸ்க்கக் கவ்வற கேலிப்பரும் வேற. முன் பிரேக்க முழுசாத் தூக்கிட்டு அச்சு அசலா அதே மாதிரி ஒண்ண மாட்டி வெச்சிருக்கறாங்க. கைப்புடிய மாத்துனவங்க வேற கலரப் போட்டாங்க. பிரேக்க மாத்துனவங்க மட்டும் அதே மாதிரி தேடிப் புடிச்சுப் போட்டிருக்கறாங்க. எனக்குத் தெரியக் கூடாதுன்னுதான? வேற எதுக்கு?

லீவர்ல ஆயிலு நிக்கற குப்பியோட மூடியக் கழட்டுனேன். உள்ள ஆயிலு செவப்பா இருக்குது. நான் தீவாளி லீவுல பழச எடுத்துட்டு ஊத்துன ஆயிலு வெளுத்த மஞ்சளு. எங்கப்பா ஒர்க்‌ஷாப்புல காலங்காலமா எதோ அதேதான், பிரேக் ஆயில்னா பிரேக் ஆயில், பைக்கென்ன சைக்கிளென்ன. இவ என்னத்தையோ ரோஸ் கலந்த செவப்புல ஊத்தி வெச்சிருக்கறா. நகத்துக்கு ரோஸு, ஆயிலுக்கும் ரோஸு. எனக்கு அப்படியே திகுதிகுன்னு வந்துது. என்ற புருசன் எறங்கறாரு, பள்ளத்துப் பக்கமா எறங்கறாரு, அவரத் தாங்கிப் புடிக்கறது எவளோ ஊத்துன ஆயிலா இருக்கோணுமா? நான் செத்தா போயிட்டேன்? மெடிக்கல்ல வாங்குன புது ஊசியப் பிரிச்சு, குப்பிக்குள்ள இருந்த செவப்ப அத்தனையும் உறிஞ்சி எடுத்து வேஸ்ட்டுல பீச்சுனேன். இன்னும் அடியில தங்கியிருந்தத வேஸ்ட்டு நுனியத் திரிச்சு உட்டு ஒத்தி எடுத்தேன். தொடச்சு எடுக்கறப்ப என்ன ஒரு நிம்மதி, அவள வீட்ட உட்டு வெளிய தள்ளிக் கதவச் சாத்துன நிம்மதி. பொறகு பரண்லருந்து நம்ம ஆயிலு டப்பாவ எடுத்து, மூடியத் திருகி, இனி இது என்ற பிரேக்குன்னு வாய் உட்டுச் சொல்லிக்கிட்டு குப்பி மேல சாய்ச்சேன்.

"ஊத்தாத!"

அப்படி ஒரு சத்தத்த அவருகிட்ட நான் கேட்டதில்ல. அவுந்த வேட்டிய ஒரு கையில புடிச்சிருக்கறாரு, இன்னொரு கையில எம்மணிக்கட்டப் புடிச்சுட்டாரு. டப்பாவுலருந்து ரெண்டு சொட்டு தரையில உழுந்துது, குப்பிக்குள்ள உழுகல. தூக்கக் கலக்கத்துல வந்த ஆளு மொகத்துல தூக்கமே இல்ல, பேயறைஞ்ச மாதிரி நிக்கறாரு. நான் டப்பாவையும் பாத்தேன், அவரு மூஞ்சியையும் பாத்தேன். மணிக்கட்ட உடவே மாட்டேங்கறாரு.

"உள்ள உழுந்துருச்சா? கோகிலா, சொல்லு, உள்ள உழுந்துருச்சா?"

"இல்ல. ஏன், உழுந்தா என்ன?"

"அது பைக்குக்குத்தான் ஆகும். இந்த பிரேக்குக்கு ஆகாது. உள்ள இருக்கற ரப்பரெல்லாம் வீங்கிரும்."

"யாரு சொன்னா?"

அவரு கை முழங்கைக்குப் போச்சு. அங்க தோலு உரிஞ்சு காஞ்சிருந்துது, வழுக்கி உழுந்துட்டேன்னு சொல்லியிருந்தாரு, நானும் மஞ்சள் வெச்சு உட்டேன். அந்தக் கை அங்க போனதப் பாத்ததும் எனக்கு மண்டைக்குள்ள எல்லாம் ஒண்ணொண்ணா எறங்குச்சு. டயரு கிழிஞ்சிருக்குது, அதனால புது டயரு. கைப்புடி பிஞ்சிருக்குது, சீட்டு திரும்பியிருக்குது, அதனால எல்லாத்தையும் புதுசா வெச்சிருக்குது. எவளும் ஆசைக்கு மாத்தல. மனுசன் உழுந்திருக்கறாரு. நான் ஊத்துன ஆயிலாலதான் உழுந்திருக்கறாரு.

"எங்க?"

"கொடநாட்டுக்குக் கீழ. லீவரு அப்படியே கைப்புடி வரைக்கும் போயிருச்சு, பிரேக்கு புடிக்கல. தேயிலச் செடி இருந்துது, அது மேல போயி உழுந்தேன். ஒண்ணும் ஆகல."

"செடி இல்லாட்டி?"

நான் தலைல அடிச்சுக்கிட்டேன், ஆயில் கையோடவே, நெத்தியெல்லாம் பிசுபிசுன்னு ஆயிருச்சு. அப்பாவுக்கு எல்லாம் தெரியும், எனக்கு எல்லாம் தெரியும்னு பிரேக் ஆயில்னா பிரேக் ஆயில்னு எத்தன தெனாவட்டா ஊத்துனேன். இவர நானே தள்ளி உட்டிருக்கறேன். அழுக முட்டிக்கிட்டு வருது, அதுக்கு நடுவுல பாருங்க இந்தக் கெரகம் புடிச்ச மனசு என்ன கேக்குதுன்னா, செடி மேல உழுந்தவர யாரு தூக்குனா? அவளா தூக்குனா? கையக் குடுத்தாளா, தோளக் குடுத்தாளா?

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஸ்பேனரக் கீழ வெச்சுருவ. மறுபடி எடுக்க மாட்ட."

"இப்ப நான் இத ஊத்தியிருந்தா? நாளைக்கு மறுபடி எறங்கியிருப்பீங்களே?"

"அதான் தொட வேண்டாம்னு சொன்னேன்."

"லூசாங்க நீங்க? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? எனக்கு வருத்தமா இருக்கும்னு உசுர உட்டிருப்பீங்களா? அவளுக்கு மட்டும் தெரியலாம், எனக்குத் தெரியக் கூடாதா? ரெண்டு பேரும் உக்காந்து என்ற தப்பப் பேசிப் பேசிச் சரி பண்ணுனீங்களா?" கத்தறேன்னு எனக்கே தெரியுது, மாடி வீட்டு ஜன்னல் தொறக்கற சத்தம் கேட்டுது, கேக்கட்டும். அவளும் இவரும் கட்டிப் புடிச்சுட்டு நின்னாங்கன்னு கேட்டிருந்தாக்கூட எனக்கு ஒரு கோவந்தான் வந்திருக்கும். இது அது இல்ல. அவங்க ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு ரகசியம் இருந்திருக்குது, அந்த ரகசியம் நான். "போனக் குடுங்க. அவளுக்குப் போடுங்க."

போட்டாரு. ரெண்டே ரிங்குல எடுத்தா. "சொல்லுங்கண்ணா"ன்னா. அண்ணாவாம். அண்ணான்னு கூப்புட்டா எல்லாம் சரியாப் போச்சா, அண்ணனப் பத்தி அவளுக்கு என்னவிட அதிகமாத் தெரிஞ்சிருக்குதே. "நான் கோகிலா பேசறேன்"னேன். ரெண்டு வாரமா நெஞ்சுல சேத்து வெச்ச வசவெல்லாம் வரிசையா நாக்கு நுனியில வந்து நிக்குது, எத மொதல்ல உடறதுன்னு பாத்தேன். அப்பப் பக்கத்துல குப்பி தொறந்து கெடக்குது, காத்து ஏறிட்டு இருக்குது, நாளைக்கு இவரு எறங்கோணும். போக வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா போயிருக்க மாட்டாரு, இனி எப்பவுமே போயிருக்க மாட்டாரு, எனக்கு அது வேண்டாம். "முன் பிரேக்கத் தொறந்துட்டேன். இருந்த ஆயில எடுத்துப்போட்டேன். இப்ப என்ன பண்ணோணும், சொல்லு"ன்னேன். என்ற வாயிலருந்து இது வந்துதான்னு எனக்கே நம்ப முடியல.

அவ சட்டுன்னு வேலைக்கு வந்துட்டா. பைக் ஆயிலு உள்ள போச்சாக்கா? போகலையா, நல்லது. தொட்ட கையக் கழுவிருங்க, அந்த வேஸ்ட்டத் தூரப் போடுங்க. ஊசி இன்னொண்ணு புதுசு இருக்குதா? அண்ணா கிட்ட செவப்பு ஆயில் இருக்கும், கேளுங்க. கேட்டேன். இவரு திருடனாட்டப் போயி, சைக்கிள் பையில மழைக் கோட்டுக்கு அடியிலருந்து ஒரு சின்ன பாட்டில எடுத்துட்டு வந்து குடுத்தாரு. வாங்குனப்ப மூஞ்சியப் பாக்கல. போன ஸ்பீக்கர்ல போட்டு ஸ்டூலு மேல வெச்சுக்கிட்டு, அவ சொல்லச் சொல்லச் செஞ்சேன். கேலிப்பர்ல ஊசிய மாட்டி மெதுவாத் தள்ளுனேன், மேல குப்பியில குமிழு குமிழா வந்துது. ஸ்க்ரூ டிரைவர் கட்டையில லேசாத் தட்டுங்க்கான்னா, தட்டுனேன். லீவர மெதுவா அமுக்கி உடுங்கன்னா, அமுக்கி உட்டேன். நல்லாச் சொல்லிக் குடுக்கறா, அதட்டாம, அவசரப்படாம. அதுக்கும் எனக்கு எரிஞ்சுது. "ரோஸ் கோடு எதுக்குப் போட்ட?"ன்னு கேட்டேன். "போல்ட்டு ஆட்டத்துல திரும்புனா கோடு ஒடஞ்சு தெரியுங்க்கா. எங்க கிளினிக் நர்ஸம்மா கிட்ட வாங்கிப் போட்டேன், நான் பாலிஷ் போடறதில்ல"ன்னா. "ஒண்ணச் சொரண்டிட்டேன்"னேன். "பரவால்லிங்க்கா, எத வெச்சும் போட்டுக்கலாம்"னா. குமிழு வர்றது கொறஞ்சுது. இன்னும் சித்த நேரம் விட்டு அமுக்கோணும். அது வரைக்கும் அவளுக்குச் சும்மா இருக்க முடியல.

"தப்பா நெனைக்காதீங்க்கா. அக்காகிட்டச் சொல்லிருங்கன்னு அன்னிக்கே நான் அண்ணா கிட்டச் சண்டையே போட்டேன். அவளுக்கு வண்டி வேலன்னா உசுரு, அதப் பாத்துத்தான் கட்டிக்கிட்டேன்னு சொன்னாரு. வண்டி வேல முடியற வரைக்கும் உங்க பேச்சுதான். பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே உங்கப்பா ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாராமே? தரகரு போட்டோவக் காட்டுனதும் ஆளு எப்படின்னு பாக்கறதுக்கு, நல்லா ஓடிட்டு இருந்த பைக்குல பிளக் வயர அவரே புடுங்கி உட்டுட்டுத் தள்ளிட்டு வந்தாராம். உங்கப்பா சாப்புடப் போயிருந்தாரு, நீங்கதான் மாட்டிக் குடுத்தீங்களாம். மாட்டிட்டு, 'இது தானாக் கழண்டது இல்லீங்க, யாரோ வேணும்னே புடுங்கியிருக்கறாங்க'ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னீங்களாம். நான் சிரிச்சுட்டேன். ஞாபகம் இருக்குதாக்கா?"

எனக்கு ஞாபகமில்ல. ஒர்க்‌ஷாப்புக்கு எத்தனையோ பேரு வந்தாங்க, வயரு கழண்ட வண்டி எத்தனையோ வந்துது. ஒரு மொகங்கூட வரல. ஜாதகம் பாத்தாங்க, கட்டி வெச்சாங்க, அவருக்கும் அதுதான் எனக்கும் அதுதான்னு இத்தன வருசம் நெனச்சுட்டு சோறு போட்டுட்டு இருந்திருக்கறேன். என்ற கல்யாணத்தோட கத எனக்குத் தெரியாம வடவள்ளில இருக்கற ஒருத்திக்குத் தெரிஞ்சிருக்குது. பிரேக்க அவ மாத்துனதெல்லாம் எனக்கு ஒண்ணுமே இல்ல. இது இருக்குதே, இத அவ கையிலருந்து புடுங்கி எடுத்துட்டு வரோணும்னு இருக்குது.

"மூடியப் போட்டுருங்க்கா"ன்னா. போட்டேன். லீவர இழுத்துப் பாத்தேன், பாதி வழியிலயே கல்லாட்ட நின்னுது. "நின்னுருச்சா?"ன்னு கேட்டா. "நின்னுருச்சு"ன்னேன். நன்றின்னு சொல்லோணும்னு தெரியும், வாய் வரல, "சரி ஜெசிந்தா"ன்னு மட்டும் சொல்லிட்டு போன வெச்சேன்.

அவரு தூணுகிட்ட நின்னுட்டு இருந்தாரு, வேட்டிய எப்பக் கட்டுனாருன்னு தெரியல. காது மடலு ரெண்டும் செவந்து கெடக்குது. எல்லாத்தையும் கேட்டிருக்கறாரு.

"ஏனுங்க, வயரப் புடுங்குனது நெசமா?"

"அவ எதுக்கு அதெல்லாம் சொல்லிட்டு..."

"அவள உடுங்க. அவகிட்ட எத்தன நேரம் பேசுனீங்களோ அத்தன நேரம் எங்கிட்டப் பேசோணும். உக்காருங்க. வயர எங்க வெச்சுப் புடுங்குனீங்க, அதுலருந்து ஆரம்பிங்க."

படியில உக்காந்தாரு. வாயத் தொறந்தாரு, மூடுனாரு, மறுபடி தொறந்தாரு. கையெல்லாம் எனக்கு ஆயிலு. கழுவப் போனா எந்திரிச்சு ஓடிருவாருன்னு அப்படியே அவரு முன்னாடி தரையில உக்காந்தேன்.